மேஸ்திரிக்கு ஒரு ஆப்

என் போனில் இருந்த பூனை கத்தியது.

விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடி. நீளமான அறை. வரிசையாக லேப்டாப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு போன். கீழே டைல்ஸ் அறுக்கிற மிஷின் ஓடும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். அந்தச் சத்தத்தையும் மீறி முதலில் ஒரு பூனை கத்தியது. அப்புறம் பக்கத்து மேசையில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் பூனைகள். யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மொபைல் ஆப் செய்யக் கற்றுத்தரும் குறுகிய காலப் பயிற்சி அது. சனி, ஞாயிறுகளில் மட்டும் நடக்கும். முதல் நாள் முதல் பாடமே இதுதான். திரையில் ஒரு பூனைப் படம் வைக்க வேண்டும். படத்தைத் தொட்டால் பூனை கத்த வேண்டும்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுபோனது. மறுபடி தொட்டேன். மியாவ். மறுபடி. மியாவ்.

"இன்னாக்கா, எர்ரர் காட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பிரவீணா. எங்களுக்குப் பாடம் நடத்தியவள் அவள்தான். புதுச்சேரிப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"எர்ரர் இல்ல மேடம். ஒரு டவுட்டு. பூனைக்குப் பதிலா வேற படம் வெக்கலாமா?"

"எது வேணா வெக்கலாம்."

"சத்தமும் நாமளே பேசி வெக்கலாமா?"

"தாராளமா வெக்கலாம். ஏங்கா?"

"எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது."

பிரவீணா காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவருக்கு மிஞ்சிய சொல்

என் கணவர் சேகரைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொத்தனாராக ஆரம்பித்து மேஸ்திரி ஆனவர். சொந்தமாக ஆட்கள் வைத்து வீடு கட்டிக் கொடுப்பவர். எங்கள் ஊர் மயிலத்துக்குப் பக்கம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் அவர் கை படாத தெரு குறைவு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு மழைக்காலக் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவே இல்லை. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வரும்.

"ஆமா."

பசிக்குதா? ஆமா. வயிறு நிறைஞ்சிடுச்சா? ஆமா. டிவியை நிறுத்தட்டுமா? ஆமா. நிறுத்தப் போனால் கையைப் பிடித்துத் தடுப்பார். தான் நினைப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று என்று அவருக்கே தெரியும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

தலையை ஆட்டினால் அது நிஜம், வாயால் சொன்னால் அது நிஜமில்லை. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குச் சில வாரங்கள் ஆயின.

செங்கல் சத்தம்

பேச்சு போனது யாருக்கு வேண்டுமானாலும் கஷ்டம்தான். ஆனால் சேகர் குரலாலேயே பிழைத்தவர்.

நான் மயிலத்தில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு குரல் "செங்கல்லு!" என்று கத்தும். பாடம் நடத்துகிறவர் ஒரு நிமிஷம் நிறுத்துவார். கத்தி முடிந்ததும் தொடர்வார். மறுபடி "கலவ எங்கடா?" என்று வரும். வகுப்பே சிரிக்கும். முகத்தைப் பார்ப்பதற்கு ரொம்ப நாள் முன்பே அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பின்னால் அதே குரல் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டது. திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு ஒல்லியான ஆளிடமிருந்தா அத்தனை சத்தம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். இரண்டு வீட்டிலும் பட்ட பேஜாரை மறுபடி சொல்லப் போவதில்லை.

கல்லூரியை நான் முடிக்கவில்லை. அம்மா மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் கூலி வேலையில் இடுப்பு ஒடிந்து உட்கார்ந்த வருஷம் அது. ஆனால் டைப்ரைட்டிங் கற்றிருந்தேன். அதை வைத்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், காலேஜ் அட்மிஷன், பஸ் டிக்கெட், ஜாதகம் பிரிண்ட் என்று எல்லாம் பார்ப்பேன். எந்தப் புது வெப்சைட் வந்தாலும் சொந்த சமையல்கட்டில் டப்பா தேடுவது மாதிரி தேடி எடுத்துவிடுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைக்கு ஒரு ஆப் இருந்தால் நல்லது என்று முதலாளியம்மாதான் என்னை விழுப்புரம் வகுப்புக்கு அனுப்பினார். "நீ போய்க் கத்துக்கினு வா ஜெயா. மத்தது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் அதற்குத்தான் போனேன். பூனை கத்துகிறவரைக்கும்.

வெள்ளைக்காரப் பெண்

பேசுகிற ஆப் ஒன்றை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தன் போனில் காட்டினாள். ஒரு டம்ளர் படம். தொட்டால் ஒரு வெள்ளைக்காரப் பெண் இங்கிலீஷில் தண்ணீர் கேட்டாள். சேகர் அந்தப் போனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். யாரிது என்று கேட்பதுபோல.

தமிழில் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். இருப்பதாகத் தெரியவில்லை என்றாள் அந்தப் பெண். அதோடு விட்டுவிட்டேன். ஆப் என்பது எங்கேயோ யாரோ செய்வது என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.

பிரவீணாவின் வகுப்பில் அந்த நினைப்பு போயிற்று. "எழுதி எடுத்துக்காதீங்க. கை வெச்சாதான் வரும்" என்பாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் 'இந்த பட்டனை அழுத்தும்போது' என்று இருக்கும். இன்னொன்றில் 'இந்தச் சத்தத்தைப் போடு'. இரண்டையும் இழுத்து ஒட்ட வைத்தால் டக்கென்று பொருந்தும். அவ்வளவுதான். பொருந்தாததை ஒட்டினால் தள்ளி நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது. தப்பு என்றால் உடனே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

தண்ணி, சாப்பாடு, பாத்ரூம்

அடுத்த வார வகுப்பிலேயே என் ஆப் தயாராகிவிட்டது. தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி, தூக்கம், டிவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். தொட்டால் என் குரல். "எனக்குத் தண்ணி வேணும்." "எனக்கு வலிக்குது." பிரவீணா மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். கை தட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை அவர் கையில் கொடுத்தேன். இடது கையால் ஒவ்வொரு படமாகத் தொட்டார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இன்னா கொறச்சல் இதுல?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காகத்தான மாங்கு மாங்குன்னு பண்ணிக்கினு வந்தேன்?"

"ஆமா," என்றார். தலை இல்லை என்று ஆடியது.

எழுந்து போனார். சொம்பில் தண்ணீர் மொண்டு என் எதிரிலேயே குடித்தார். சொம்பை நங்கென்று வைத்தார். பாத்ரூம் பக்கம் நடந்துபோய்க் கதவைத் திறந்து காட்டி, மூடிவிட்டு வந்தார். டிவி ரிமோட்டை எடுத்து அமுக்கினார். அணைத்தார். எல்லாம் இடது கையால். பிறகு என்னைப் பார்த்து நின்றார்.

எனக்குப் புரிந்தது. இதெல்லாம் அவருக்குச் சொல்லத் தேவையே இல்லாதவை. கேட்காமலேயே செய்துகொள்ள முடிந்தவை. நான் ஒரு நோயாளிக்கு ஆப் செய்திருந்தேன். எதிரே நின்றவர் மேஸ்திரி.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. திண்டிவனத்தில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வேலை பாதியில் நின்றிருந்தது. சுவர் எல்லாம் எழும்பிவிட்டது. கூரைக்குக் காங்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி. டீச்சர் எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் பழத்தோடு வந்தார். சேகரைப் பார்த்துப் பேசிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"வேற மேஸ்திரியப் பாக்கச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க ஜெயா. எனக்கு மனசு வரல. ஆனா நானும் வாடகை வீட்ட காலி பண்ணணும். ரூஃப் போடற அன்னிக்கு இவரு வந்து நின்னு வேலை வாங்கினா போதும், மீதி வேலையும் இவருதான். முடியலன்னா என்னத் தப்பா நெனச்சிக்காதம்மா."

டீச்சர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அந்த வேலை போனால் ஆட்களும் போவார்கள். சேகருடைய ஆட்களில் சிலர் அதற்குள் வேறு இடங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

பையைக் கொட்டினார்

அடுத்த வகுப்பில் பிரவீணாவிடம் நடந்ததைச் சொன்னேன். சொம்பை நங்கென்று வைத்த இடத்துக்கு வந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"அவரு இன்னா பேசணும்னு நெனைக்கறாருன்னு கேட்டீங்களாக்கா?"

"பேச்சு வராத ஆளுகிட்ட எப்படிக் கேக்கறது?"

"பேச வராது. காட்ட வரும் இல்ல?"

அன்று மாலை வீட்டுக்கு வந்து, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "சரி, நீங்களே சொல்லுங்க. இதுல இன்னா படம் வெக்கட்டும்?" என்றேன்.

எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து வேலைப் பையைக் காலால் இழுத்துக்கொண்டு வந்தார். படுத்த நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. ஒரு கையால் அதைத் தரையில் கவிழ்த்தார். கரணை விழுந்தது. சுவர் நேரா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டு உருண்டு கதவருகே போனது. ரசமட்டம், நூல் கண்டு, மூலமட்டம், காய்ந்த சிமெண்ட் துகள். ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

நான் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன். எடுத்துவிட்டு, என்ன சொல்ல நினைக்கிறார் என்று ஊகித்துக் கேட்டேன். தலை ஆட்டினால் அடுத்தது. மறுத்தால் மறுபடி.

"தூக்குக்குண்டு எடுத்துக்கினு வா?"

தலை மறுத்தது.

"சொவரு கோணலா இருக்கு?"

பாதி ஆடியது.

"சொவரு கோணலா இருக்கு, தூக்குக்குண்டு வெச்சிப் பாரு!"

தலை பலமாக ஆடியது. அதற்கு மேலும் ஏதோ வேண்டும் என்று விரல் சுழன்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி நான் அவ்வளவு தெரிந்துகொண்டதில்லை. கலவையில் தண்ணீர் அதிகம், கலவை போதாது, ஜல்லி குறைவு, கம்பி இடைவெளி பார், ஒழுங்காக நில், டீ சொல்லு, நிறுத்து, போடு, இடித்துவிட்டு மறுபடி கட்டு. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடித்தபோது அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

ஏழுமலையின் குரல்

பிரச்சினை, குரல். "இடிச்சிட்டு மறுபடி கட்டு" என்று என் குரலில் கேட்டதும் அவர் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கே சிரிப்பாக இருந்தது. குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அவருடைய பழைய குரல் எங்கேயும் பதிவாகவும் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆள் இல்லை அவர்.

அந்த வாரம் நான் கடைக்கு லீவு போட்ட ஒரு நாள் காலை ஏழுமலை வந்தான். சேகரிடம் ரொம்ப வருஷமாக இருக்கும் கொத்தனார். அவரைவிட இளையவன், என்னை அண்ணி என்பான். மற்றவர்கள் போனபோதும் போகாதவன். அவனிடம் போனை நீட்டி, இதையெல்லாம் பேசு என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல "தூக்குக்குண்டு வைத்துப் பார்" என்றான்.

"டேய், யாருடா அப்படிப் பேசுவாங்க?" என்றேன்.

அவன் சேகரை ஒரு பார்வை பார்த்தான். தலையைச் சொறிந்தான். "மேஸ்திரி சொல்ற மாதிரியே சொல்லட்டா அண்ணி?"

"சொல்லேன்."

தொண்டையைச் செருமினான்.

"டேய்! தூக்குக்குண்டு இன்னா கழுத்துல மாட்டிக்கவா குடுத்தேன்? சொவரு வந்தவாசி பக்கம் போயிக்கினு கீது, நீ இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கற? வெச்சிப் பாருடா!"

அது சேகரின் குரல். அந்தக் கட்டைத் தொனி, முடிக்கிற இடத்தில் மேலே ஏறுகிற அந்த இழுப்பு, எல்லாம் அப்படியே. மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கேட்காத குரல்.

சேகர் அசையாமல் ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச்சிக்காதீங்க மேஸ்திரி," என்றான் ஏழுமலை. அவன் குரல் இப்போது அவனுடையதாகிவிட்டது. "டீ குடிக்கும்போது ஆளுங்க செய்யச் சொல்வாங்க. சும்மா தமாசுக்கு பண்ணிக் காட்டுவேன்."

இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் தன்னை நடித்துக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறான் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. கண் கலங்கியது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு விரலைக் காட்டினார். இன்னொரு தடவை.

அன்று காலை முழுக்க ஏழுமலை பேசினான். சேகர் திருத்தினார். இன்னும் சத்தமாக என்று கையை உயர்த்துவார். இன்னும் கோபமாக என்று புருவத்தை நெரிப்பார். தன் குரலைத் தானே அவ்வளவு கறாராக வேலை வாங்கினார்.

ஒரே ஒரு கோளாறு இருந்தது. அவருடைய விரல் நடுங்கும். ஒருமுறை தொட நினைத்தால் இரண்டு மூன்று முறை பட்டுவிடும். "தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து" என்று ஆப் கத்தும். காங்கிரீட்டில் அப்படி ஊற்றினால் கதை முடிந்தது. பிரவீணாவுக்குப் போன் போட்டேன். "சத்தம் முடியற வரைக்கும் பட்டனத் தூங்க வெச்சிடுங்கக்கா" என்றாள். எப்படி என்று அவள் சொல்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. சத்தம் ஆரம்பிக்கும்போது பட்டனை நிறுத்து, சத்தம் முடிந்ததும் திற. இரண்டு கட்டங்கள். படங்களையும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கினேன். மறுநாள் காலையில் சமைப்பதற்கு முன்பே சரி செய்து, அவர் போனிலும் ஏற்றிவிட்டேன்.

காங்கிரீட் அன்று

கூரைக்கு நாள் குறித்தது ஒரு சனிக்கிழமை. எனக்கு வகுப்பு. போகவில்லை. "எங்க ஆப்புக்கு இன்னிக்குத்தான் பரீட்ச" என்று பிரவீணாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு சேகரோடு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மிக்ஸர் மிஷின் ஓடினால் போன் சத்தம் கேட்காது என்று தெரியும். கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த சின்ன ஸ்பீக்கரை வாங்கி வந்து, நூல் கட்டி அவர் கழுத்தில் மாட்டினேன். ஆட்கள் வினோதமாகப் பார்த்தார்கள். பழைய ஆட்களும் இருந்தார்கள், புதிதாக வந்தவர்களும் இருந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் தெருவோரத்தில் நாற்காலி போட்டு ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் சட்டி கலவை வந்தது. சேகர் எட்டிப் பார்த்தார். போனைத் தொட்டார்.

"இன்னாடா இது, ரசமா? தண்ணியக் கொற!"

மிஷின் பக்கம் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். பழைய ஆட்களுக்கு அந்தக் குரல் தெரியும். ஒரு பெண் தலையில் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "மேஸ்திரிக்குப் பேச்சு வந்துடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். மேலே நின்ற ஏழுமலை, "வந்துடுச்சிடா, ஜல்தி வேலையப் பாருங்க" என்று கத்தினான். தன் குரலிடம் தானே திட்டு வாங்கப் போகிறோம் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்பே நன்றாக வாங்கினான்.

வேலை சீராக ஓடியது. காங்கிரீட்டை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. சேகரால் மேலே ஏற முடியாது. கீழே, பலகைக்கு முட்டு கொடுத்திருந்த சவுக்குக் கழிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

திடீரென்று ஸ்பீக்கர் அலறியது. "நிறுத்து!"

மேலே காங்கிரீட்டை இறுக்குகிற வைப்ரேட்டர் நின்றது. மிக்ஸரையும் அணைத்தார்கள். சேகர் மூலையில் ஒரு கழியின் பக்கத்தில் நின்றிருந்தார். அதன் அடியில் வைத்திருந்த கட்டை நகர்ந்து, கழி சாய்ந்துகொண்டிருந்தது. மேலே பலகை லேசாகத் தொய்ந்திருந்தது. அந்த மூலைக்கு நேர் மேலேதான் ஆட்கள் கும்பலாக நின்றிருந்தார்கள்.

அவர் போனைத் தேடினார். "அந்த மூலையிலிருந்து விலகுங்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பட்டன் இல்லை. நான் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுபடி "நிறுத்து!" என்றது ஸ்பீக்கர். ஆட்கள் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்கள். சேகர் கழியைக் கையால் அடித்து "ஆமா! ஆமா!" என்று கத்தினார்.

நான் ஓடினேன். அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். "மேல நிக்கறவங்க அந்த மூலைய விட்டு வந்துடுங்க! எல்லாரும் படிக்கட்டு பக்கம் வாங்க!" என்று என் சொந்தக் குரலில் கத்தினேன்.

தடதடவென்று விலகினார்கள். ஏழுமலை குதித்து இறங்கினான். புதுக் கழி கொண்டுவந்து, பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்து முட்டு கொடுத்தார்கள். சேகர் ஒவ்வொன்றையும் தோளால் முட்டிப் பார்த்தார். திருப்தியான பிறகுதான் போனைத் தொட்டார்.

"போடு!"

மாலை வெயில் சாய்வதற்குள் கூரை முடிந்தது. டீச்சர் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். சேகரின் இலைக்கு அருகே போய் நின்று, "பூச்சு வேலைக்கு எப்ப வரீங்க மேஸ்திரி?" என்றார். சேகர் போனைத் தேடவில்லை. இடது கையால் கூரையைக் காட்டி, தண்ணீர் ஊற்றுவதுபோல் செய்து, முதலில் அது இறுக வேண்டும் என்று காட்டினார். டீச்சருக்குப் புரிந்தது.

பாடத்தில் இல்லாதது

அடுத்த நாள் வகுப்புக்குப் போன நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"பட்டன நான் வெச்சிக் குடுக்கறது போதாது பிரவீணா. அவரே புதுசா சேத்துக்கற மாதிரி வேணும். படம் எடுக்கணும், யாரையாவது பேச வெச்சிப் பதியணும், பட்டன் வந்துடணும்."

அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

"நம்ப பாடத்துலயே அது இல்லக்கா."

"சேத்துக்கலாம்."

சேர்த்தோம். சுலபமாக வரவில்லை. முதலில் பதிந்த குரல் ஆப்பை மூடியதும் காணாமல் போனது. அப்புறம் ஒரு படத்தைத் தொட்டால் வேறு படத்தின் குரல் வந்தது. டீ டம்ளரைத் தொட்டால் "இடிச்சிட்டு மறுபடி கட்டு" என்றது. வகுப்பே கூடி நின்று பார்த்தது. மற்ற பெண்கள் தங்கள் ஆப்களை விட்டுவிட்டு வந்து யோசனை சொன்னார்கள். தப்பு எங்கே என்று கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். பெயர் வைக்கிற இடத்தில் எல்லாப் பதிவுக்கும் ஒரே பெயர் போய்க்கொண்டிருந்தது. மாற்றியதும் வேலை செய்தது. பிரவீணா என்னைக் கட்டிக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். கடைக்கும் ஒரு ஆப் செய்து கொடுத்துவிட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தன்னிடம் வருகிறவர்களை என்னிடம் அனுப்புகிறாள். அவர்களுக்காக நான் செய்துகொண்டிருப்பவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சேகர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார். முதலில் நானும் கூடப் போனேன். பிறகு கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு வேலை வந்தது. நான் வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஏழுமலையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் தனியாகப் போன முதல் நாள் அது. கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. யாருடைய விண்ணப்பத்திலோ ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் போன் அடித்தது. ஏழுமலையின் நம்பர். வேலை நேரத்தில் அவன் கூப்பிடுகிறவன் இல்லை.

"இன்னாடா ஏழுமல? அவருக்கு இன்னா ஆச்சு?"

யாரோ சிரிப்பது கேட்டது. கரணையால் கல்லைத் தட்டுகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல்.

"ஜெயா, சாப்பிட்டியா?"

ஏழுமலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. எனக்குத் தெரியாமல் ஒரு பட்டன் போட்டிருக்கிறார்கள். ஏழுமலையின் போனில் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் தன் போனைப் பிடித்துக்கொண்டு அவர் தொட்டிருக்கிறார்.

கடையில் ஜனம் நின்றிருந்தது. நான் எழுந்து ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இல்லங்க," என்றேன். "இன்னும் சாப்பிடல."

அவர் எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. பக்கத்தில் ஏழுமலை, "கீழ இருக்கு மேஸ்திரி, கீழ தள்ளுங்க" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

"மொதல்ல போய்ச் சாப்பிடு. வேல எங்கயும் ஓடிப் போவாது."

இல்லை என்று நான் சொல்வேன் என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. டிபன் பாக்ஸைத் திறந்தேன்.